ஐந்து இரவு விளையாட்டு முகாம்: 11 வயதுப் பிள்ளையை அனுப்பலாமா?

வாவிக்கரை அம்மா

ஆகஸ்ட் லீவுக்கு மெய்வல்லுநர் வதிவிடப் பயிற்சி முகாம் வைக்கிறார்கள் என்று வட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்திருக்கு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஐந்து இரவு, ஆறு நாள். மகளுக்கு 11 வயது, ஆறாம் தரம். 100 மீற்றரும் நீளம் பாய்தலும் செய்கிறாள். இதுவரை எங்களைவிட்டுத் தனியே படுத்ததில்லை.

அறிவித்தலில் இருப்பது இவ்வளவுதான்: காலை 4.30க்கு எழும்ப வேணும். 5 முதல் 8 வரை பயிற்சி. 10 முதல் 12 வரை இரண்டாவது பயிற்சி. பின்னேரம் 3 முதல் 6 வரை மூன்றாவது. இரவு 9.30க்கு விளக்கு அணைப்பு. வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கை. போன் கொண்டுவரக் கூடாது. கடைசி நாள் கடல் குளிப்பு.

அனுப்பலாமா? அனுப்புவதென்றால் எதை எதைக் கேட்டுத் தெளிய வேணும்? வெள்ளிக்கிழமைக்குள் பெயர் குடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

திருக்கோவில் அப்பா

தங்கச்சி, அனுப்ப வேண்டாம். இந்த முகாமுக்கு மட்டுமில்லை, 13 வயதுக்குக் கீழே எந்த வதிவிட முகாமுக்கும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அந்த நேர அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். 3, 2, 3. நாளுக்கு 8 மணித்தியாலம், அதுவும் ஆகஸ்ட் வெயிலில். வளரும் பிள்ளைக்கு ஒரு கிழமையில் எவ்வளவு பயிற்சி என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் இலகுவான அளவு ஒன்று இருக்கிறது: வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. மகளுக்கு 11. அந்தப் 11 மணித்தியாலமும் இரண்டாம் நாள் காலைப் பயிற்சியோடு முடிந்துபோகும். மிச்ச நாலரை நாளும் பிள்ளையின் எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும் எடுக்கிற கடன்.

அடுத்தது நித்திரை. 9.30க்குப் படுத்து 4.30க்கு எழும்பினால் 7 மணித்தியாலம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் வேணும். குறைந்த அளவை வைத்துப் பார்த்தாலும் இரவுக்கு 2, ஐந்து இரவில் 10 மணித்தியாலம் குறைகிறது. அதுவும் விளக்கு அணைத்த உடனே நித்திரை வந்தால்தான். நாலாம் நாள் பிள்ளை மணல் குழிக்குள் விழும்போது கால் மடங்குவது கவனக்குறைவால் இல்லை, நித்திரை இல்லாததால்.

ஆறு நாளில் உடற்தகுதி கூடிவிடாது. அதற்கு ஆறு எட்டுக் கிழமை வேணும். கூடுவதும் ஓய்வெடுக்கிற நேரத்தில்தான். இதற்குப் பதிலாக ஊர் மைதானத்திலேயே மூன்று கிழமை, கிழமைக்கு மூன்று நாள், காலை 6.15 முதல் 8 வரை வைத்தால் கிட்டத்தட்ட 16 மணித்தியாலம் பயிற்சி கிடைக்கும். பிள்ளை தன் கட்டிலில் படுக்கும். படித்தது ஊறவும் நாள் இருக்கும்.

மண்டூர் மாஸ்டர்

அப்பா சொன்ன கணக்கில் பிழை இல்லை. அந்த நேர அட்டவணை மோசமானது, அதை நான் தாங்கிப் பேச வரவில்லை. ஆனால் அட்டவணை பிழை என்பதற்காக வதிவிட முகாமே பிழை என்று ஆகிவிடாது.

“ஊர் மைதானத்தில் காலை 6.15க்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர்? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் எப்படிச் சரிவரும்? மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில் ஏறி வாவியைத் தாண்டி, பிறகு பஸ் பிடித்து வர வேணும். அம்பிளாந்துறைப் பக்கத்துப் பிள்ளையும் குருக்கள்மடத்துக்குப் பாதையில்தான் வரும். அவர்கள் மைதானத்துக்கு வந்துசேரும்போது வெயில் ஏறிவிடும். ஆகஸ்டில் இங்கே பிள்ளைகளை ஓடவிடக்கூடிய நேரம் விடிந்து எட்டு மணி வரையும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும்தான். அந்த இரண்டு நேரத்திலும் மைதானத்தில் நிற்க வேணுமென்றால் தூரத்துப் பிள்ளை மைதானத்துக்குப் பக்கத்தில் படுத்தாக வேணும். வெயிலைக் காட்டி முகாம் வேண்டாம் என்கிறீர்கள். அதே வெயிலுக்காகத்தான் முகாம் வேணும் என்று நான் சொல்கிறேன்.

முகாம் உடற்தகுதிக்கு இல்லை என்பதும் சரி. அது நுட்பத்துக்கு. நீளம் பாய்தலையே எடுங்கள். 11 வயதுக்கு 11 அல்லது 13 காலடி ஓட்டம் போதும். அதை அளக்கும் விதம் இது: பிள்ளையைப் பாய்பலகையில் நிறுத்தி, முதுகைக் குழிக்குக் காட்டி, ஓடுபாதையில் மறுபக்கம் ஓடவிட வேணும். 13ஆவது காலடி விழுந்த இடத்தில் ஒரு முளை. ஆறு தடவை ஓடினால் ஆறு முளை, ஆறும் ஒரே இடத்தில் இருக்காது. நடுவில் கூட்டமாய் நிற்கும் முளைகளைப் பார்த்து அங்கே அடையாளம் வைத்து, அளவு நாடாவால் அளந்து கொப்பியில் எழுத வேணும். பிறகு அங்கிருந்து பலகையை நோக்கி ஓட்டம். இப்போதுதான் பிழை தெரியும்: கடைசி நாலு காலடியில் பிள்ளை தலையைக் குனிந்து பலகையைத் தேடும். தேடினால் அடி குறுகும், வேகம் சாகும், பாய்வது மேலே போகாது. கண்ணைக் குழிக்கு அப்பால் ஒரு மரத்திலோ மதிலிலோ வைக்கப் பழக்குவதற்கு அடுத்தடுத்து மூன்று நாலு காலை வேணும். இன்றைக்கு ஒரு நாள், நாலு நாள் கழித்து ஒரு நாள் என்றால் ஒவ்வொரு முறையும் முதலாம் முளையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அட்டவணை எப்படி இருக்க வேணும்? காலை 6 முதல் 7.30, பின்னேரம் 4.15 முதல் 5.30. அவ்வளவுதான். நாளுக்கு 2 மணி 45 நிமிடம். அதிலும் பாதி நேரம் பிள்ளை வரிசையில் நின்று பார்க்கும். வேக ஓட்டத்துக்கு ஒரு விதி: 10 மீற்றருக்கு ஒரு நிமிட ஓய்வு. 30 மீற்றர் ஓடினால் 3 நிமிடம். 30 மீற்றர் ஆறு தடவை ஓடினால் அன்றைக்கு வேகம் முடிந்தது. 100 மீற்றரைப் பத்துத் தடவை இடைவெளி இல்லாமல் ஓடவிடுகிற ஆளிடம் பிள்ளை வேகம் படிக்காது, மெதுவாக ஓடத்தான் படிக்கும்.

கல்முனைத் தாதி

மாஸ்டரும் அப்பாவும் வெயில் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதங்களில் பிள்ளைகள் விழுவது இதனால்தான்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. அந்தக் காற்றில் வியர்வை தோலில் நிற்காது, வரவரக் காய்ந்துவிடும். “பிள்ளைக்கு வியர்க்கவே இல்லை” என்று பெரியவர்கள் நினைப்பார்கள். பயிற்சி முடிந்ததும் பிள்ளையின் ஜேர்சியைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழே அலை அலையாக வெள்ளைக் கோடு இருக்கும். விரலால் சுரண்டினால் பொடியாக உதிரும். அது உப்பு. அவ்வளவு தண்ணீர் உடம்பைவிட்டுப் போய்விட்டது, ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முகாமில் ஒரு தராசு இருக்க வேணும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்க்க வேணும். 35 கிலோ பிள்ளை 700 கிராம் குறைந்தால் அது நூற்றுக்கு 2 வீதம். அந்த அளவிலேயே ஓட்டம் மந்தமாகும், தலையிடி தொடங்கும். அடுத்த நாள் காலையிலும் நிறை பழைய இடத்துக்கு வரவில்லையென்றால் அன்றைக்குப் பிள்ளை ஓடக் கூடாது.

தண்ணீர் தாகம் வரும்வரை காத்திருந்து குடிப்பதில்லை. 9 முதல் 12 வயதுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலீற்றர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் உப்பும் சேர வேணும். ஜீவனி என்கிற உப்புச்சீனிக் கரைசல் பக்கற்றைக் கரைக்கும்போது நடக்கிற பிழை, ஒரு லீற்றருக்கான பக்கற்றை அரை லீற்றர்ப் போத்தலில் கொட்டுவது. அப்படிச் செய்தால் கரைசல் கடுப்பாகி வயிற்றைப் பிரட்டும். ஒரு பக்கற், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், 24 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேணும், மிச்சத்தை ஊற்றிவிட வேணும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, வியர்வையில் போவது சோடியம். இளநீர் மட்டும் குடுத்தால் போதாது, உப்புப் போட்ட கஞ்சியும் குடுங்கள்.

களைத்துப்போன பிள்ளை வேறு, வெப்ப அதிர்ச்சி வேறு. பிள்ளை வாந்தி எடுத்து, முகம் வெளிறி, ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, குடிக்கக் குடுக்கலாம். பேச்சுத் தடுமாறினால், இடம் தெரியாமல் முழித்தால், நடை தள்ளாடினால் அது உயிர் போகிற விஷயம். அப்போது முதல் வேலை குளிர்ப்பது, இரண்டாவதுதான் ஏற்றிப் போவது. சப்பாத்தையும் ஜேர்சியையும் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையிலும் உடம்பிலும் ஊற்றி, விசிற வேணும். இன்னொருவர் 1990 அம்புலன்சுக்குக் கோல் அடிக்க வேணும். பனடோல் குடுக்க வேண்டாம், இந்தச் சூட்டை அது இறக்காது. தடுமாறுகிற பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மைதான ஓரத்தில் இரண்டு பரலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

10 முதல் 12 வரை வெளியே பயிற்சி என்றால் அனுப்பவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

செங்கலடி அக்கா

எல்லாரும் பகலைப் பேசுகிறீர்கள். வதிவிட முகாமில் பயப்பட வேண்டியது இரவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பெண்பிள்ளைகளின் அறைக்குப் பொறுப்பான பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே படுப்பார்கள்? ஒருவர் போதாது, இரண்டு பேர் வேணும். ஒருவர் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மற்றப் பிள்ளைகளுடன் ஒருவர் நிற்க வேணும். இந்த வயதில் எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்த அளவு. மலசலகூடம் கட்டடத்துக்கு வெளியே என்றால் அந்த வழியில் வெளிச்சம் இருக்கா? குளிக்கும் இடம் திறந்த கிணற்றடியா, மறைப்பா?

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியே இருக்கக் கூடாது. தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்ப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. தேய்ப்பதென்றால் எல்லாரும் பார்க்கிற இடத்தில், பெண்பிள்ளைக்குப் பெண், அல்லது பிள்ளை தன் கையாலேயே தேய்க்கட்டும். தண்டனை என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, தண்ணீர் குடுக்காமல் விடுவது, எல்லார் முன்னும் பேசுவது, இதெல்லாம் அந்த இடத்தில் உண்டா என்று முன்பு போன பிள்ளைகளிடம் கேளுங்கள், ஏற்பாட்டாளரிடம் இல்லை.

போன் தடை என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பிள்ளைக்கு ஒரு கரைச்சல் என்றால் யாரிடம் சொல்வது? கரைச்சல் குடுத்தவரிடமே போய் போன் கேட்பதா? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை. அந்த நாலு இலக்கத்தையும் பிள்ளைக்குப் பாடமாக்கி அனுப்புங்கள்.

மண்டூர் மாஸ்டர்

அக்கா, இரவுக் காவல் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். போனில் மட்டும் மாறுபடுகிறேன்.

வீட்டு ஏக்கம் பகலில் வராது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வரும், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில். முதல் இரவு புதுமையில் போய்விடும், இரண்டாம் இரவுதான் கடினம். அந்த நேரத்தில் போனைக் குடுத்து அம்மாவின் குரலைக் கேட்கவிட்டால் அடக்கி வைத்ததெல்லாம் உடையும். ஒரு பிள்ளை அழுதால் அந்த அறையில் ஆறு பிள்ளை அழும். அதனால் போன் பேசுவது மத்தியானம், சாப்பிட்டு முடித்த பிறகு, பத்து நிமிடம். அப்போது பேசினால் பிள்ளை காலையில் பாய்ந்த அளவைத்தான் சொல்லும்.

அதோடு, “பிடிக்காட்டி ஒரு கோல் எடு மகள், அம்மா உடனே வந்து கூட்டிட்டுப் போறன்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை முதல் ஏக்கத்திலேயே கோல் எடுக்கும். “நீ தனியே சமாளிக்க மாட்டாய் என்று அம்மாவே நினைக்கிறா” என்றுதான் அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழும். அதற்குப் பதிலாக, முகாமுக்கு முந்திய கிழமை அம்மம்மா வீட்டிலோ மாமி வீட்டிலோ இரண்டு இரவு விட்டுப் பாருங்கள், நீங்கள் இல்லாமல். அதில் தெரிந்துவிடும்.

செங்கலடி அக்கா

மத்தியானம் பேசுவது நல்ல யோசனை, ஏற்கிறேன். ஆனால் “கூட்டிட்டுப் போறன்” என்ற வாக்கைப் பறிக்கச் சொல்கிறீர்களே, அதில்தான் எனக்குப் பயம். ஏக்கத்தையும் ஆபத்தையும் 11 வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்துச் சொல்லும்? “அழுதால் அனுப்ப மாட்டார்கள்” என்று நினைக்கிற பிள்ளை சொல்ல வேண்டியதையும் சொல்லாது.

ஆகவே இப்படிச் செய்யலாம். ஏக்கத்துக்கு வாக்குக் குடுக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை ஒப்புக்கொள்ளுங்கள், சாதாரணச் சொல். “பூனைக்குச் சாப்பாடு வைச்சீங்களா?” என்று கேட்டால் காரணம் விசாரிக்காமல் அன்றைக்கே போய்க் கூட்டிவர வேணும். பக்கத்தில் யார் நின்றாலும் பிள்ளையால் அதைக் கேட்க முடியும்.

அக்கரைப்பற்று வாப்பா

மாஸ்டர் சொன்ன 6 முதல் 7.30 நேரம் எங்களுக்கும் நல்ல பொருத்தம். சுபஹ் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போகலாம், பின்னேரம் 5.30க்கு முடிந்தால் மஃரிபுக்கு முன் குளிக்கவும் நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்பிள்ளைகளை யார் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என்று எழுத்தில் இருக்க வேணும். இன்னொன்று, முஸ்லிம் பாடசாலைகளின் லீவு நாட்காட்டி வேறு. நோன்பு மாதத்தில் எங்களுக்கு லீவு விடுவதால் மற்றத் தவணை லீவுகள் உங்களோடு ஒத்துவராது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பிள்ளைகளையும் சேர்த்து வைக்கிற முகாம் என்றால் திகதி போடும் முன் இதைப் பார்க்கட்டும்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல வந்தது சாப்பாடு. நாற்பது பிள்ளைக்குச் சமைக்கிற இடத்தில் வருத்தம் கறியிலிருந்துதான் வரும் என்று எல்லாரும் கோழியையே பார்ப்பார்கள். சோற்றையும் பாருங்கள். அரிசியில் இருக்கிற ஒரு கிருமியின் வித்து, கொதித்தாலும் சாகாது. மத்தியானம் வடித்த சோற்றைப் பெரிய அண்டாவில் மூடி வைத்தால் நடுச்சோறு இரவு வரை இளஞ்சூட்டில் கிடக்கும், வித்து முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுக்கும். நேரத்துக்கு நேரம் வடிக்க வேணும், இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாற வேணும், மிஞ்சியதைக் கொட்ட வேணும். ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு 100 முதல் 125 கிராம் அரிசி, நாற்பது பேருக்கு 4 முதல் 5 கிலோ. அளந்து போட்டால் மிஞ்சாது.

காலை 5.30க்கு ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும் போதும். வயிறு நிறையப் புட்டுத் தின்றுவிட்டு ஓட முடியாது. பயிற்சி முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இடியப்பமும் முட்டையும், அல்லது அவித்த கடலையும் தேங்காய்ப்பூவும். கோழி ஹலால் கடையில் வாங்கினால் எல்லாப் பிள்ளையும் ஒரு பந்தியில் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத பிள்ளைகளுக்கு மரக்கறிச் சட்டி வேறு, அகப்பையும் வேறு. அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலறையையும் தண்ணீரையும் பார்த்தாரா என்று கேளுங்கள்.

திருக்கோவில் அப்பா

வாப்பா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இவ்வளவு நிபந்தனையையும் கூட்டிப் பார்த்தால் என் முதல் கருத்துத்தான் பலக்கிறது. இத்தனையும் சரியாக இருக்கிற முகாம் எத்தனை?

இன்னும் இரண்டு இருக்கிறது. “வகுப்பறையில் பாய்” என்ற வரி. கட்டுவிரியன் இரவில்தான் திரியும், எலியையும் பல்லியையும் தேடிக் கட்டடத்துக்குள் வரும், பெரும்பாலும் நிலத்தில் படுத்திருக்கிற ஆளைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. நுளம்பு என்று நினைத்துப் பிள்ளை திரும்பிப் படுக்கும். விடியும்போது வயிற்று வலி, பிறகு கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும். வயிற்று வலிக்கு ஓமத்தண்ணி குடுத்துக்கொண்டு இருந்தால் மூச்சு நின்றுவிடும். நிலத்தில் படுத்த பிள்ளை காலையில் காரணம் இல்லாமல் வயிற்றுவலி என்றாலோ கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம்.

கடல் குளிப்பு. ஆகஸ்டில் கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அதுதான் ஏமாற்றும். இழுவை நீரோட்டம் மேலே தெரியாது. ஐந்து நாள் களைத்த நாற்பது பிள்ளையை நாலு பெரியவர்கள் கடலில் எண்ண முடியாது. வாவி என்றால் முதலை. இரண்டும் வேண்டாம்.

ஒத்துப்போகிற வழி ஒன்று சொல்கிறேன். ஐந்து இரவை ஒன்றாக வைக்காமல், வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு காலை போகிற மாதிரி இரண்டு இரவு, மூன்று கிழமை. நித்திரைக் கடன் ஏறாது, ஏக்கமும் முற்றாது, படுவான்கரைப் பிள்ளையும் வரலாம்.

மண்டூர் மாஸ்டர்

கடல் குளிப்பை எடுத்துவிட வேண்டியதுதான். அதில் விவாதம் இல்லை.

மூன்று கிழமை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சமையலுக்கு ஆள், பெண் ஆசிரியர்கள், அதிபரின் அனுமதி, வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம், எல்லாம் மூன்று தடவை. வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு அறநெறி வகுப்பு, சனி ரியூசன். முதல் கிழமை நாற்பது பிள்ளை வரும், மூன்றாம் கிழமை பதினைந்து வரும். வராமல் நிற்பது வசதியில்லாத பிள்ளைதான், ஏனென்றால் பாதைக்கும் பஸ்ஸுக்கும் மூன்று தடவை காசு. ஐந்து இரவு நீளம் என்றால் மூன்று இரவாக்கலாம். மூன்று காலை கிடைக்கும், ஓட்ட அளவு பதிய அது போதும். அதற்குக் கீழே இறங்கினால் நுட்பத்துக்குப் பிரயோசனம் இல்லை.

13 வயது என்ற எல்லையையும் ஏற்க மாட்டேன். 11 வயதில் ஓட்டத்தின் உருவம் இளகி இருக்கும். கை உடம்புக்குக் குறுக்கே வீசுவது, குதிக்கால் முதலில் ஊன்றுவது, இதெல்லாம் அப்போது இலகுவாகத் திருந்தும். பதினைந்தில் திருத்துவது கடினம்.

திருக்கோவில் அப்பா

உருவம் இளகி இருக்கிறது போல எலும்பின் வளர்ச்சித் தட்டும் இளகித்தான் இருக்கிறது மாஸ்டர். குதிக்காலின் பின்பக்கத்தை இரண்டு விரலால் இரு பக்கமும் அமுக்கிப் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே முண்டாக இருக்கிற எலும்பையும் அழுத்திப் பாருங்கள். வலித்தால் அந்தப் பிள்ளைக்குப் பாய்தலும் ஸ்பைக்ஸும் நிறுத்தம். முகாமில் ஒவ்வொரு காலையும் இதை யாராவது பார்ப்பார்கள் என்றால் மூன்று இரவுக்கு நான் வாயை மூடுகிறேன். 13 என்பதை விடமாட்டேன்.

கல்முனைத் தாதி

மருந்துப் பெட்டி பற்றிக் கொஞ்சம். கால் வலி, இடுப்பு வலி என்று டைக்ளோபினாக், இபுபுரோபன் குளிசை குடுக்கிற கோச்மார் இருக்கிறார்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். அந்தப் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தால் இரத்தப் பெருக்கையும் கூட்டும். எங்கள் மாவட்டங்களில் டெங்கு மழையோடு கூடும், ஆனால் எந்த மாதமும் வரலாம். பெற்றோர் எழுத்தில் குடுத்த மருந்தைத் தவிர எதுவும் குடுக்கக் கூடாது என்று படிவத்தில் எழுதுங்கள். காய்ச்சல் என்றால் அந்த நாளே வீட்டுக்கு அறிவிக்க வேணும்.

தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை என்றால் பம்பும் ஸ்பேசரும் பிள்ளையின் பையில் இருக்க வேணும், அலுவலக அலுமாரியில் பூட்டி இல்லை. கச்சான் தூசிக்கு இழுப்புக் கூடும்.

கேட்க வெட்கப்படுகிற விஷயம் ஒன்று, நானே சொல்கிறேன். பத்து வயதிலும் நூற்றுக்கு ஐந்து பிள்ளை அளவில் படுக்கையில் சிறுநீர் போகும். மகளுக்கு அப்படி இருந்தால் பெண் ஆசிரியர் ஒருவரிடம் தனியே சொல்லுங்கள். இரவு படுக்கும் முன்னும், பதினொரு மணி போலும் எழுப்பி விடுவார்கள். 11 வயது என்பதால் மாதவிடாய்க்குப் பாட் பக்கற் ஒன்றும், கறுப்புக் காற்சட்டை ஒன்றும், அதை எப்படிப் பாவிப்பது என்ற பேச்சும் கட்டாயம். முதல் தடவை முகாமில் வந்தால் பிள்ளை பயந்துவிடக் கூடாது.

புதுச் சப்பாத்து வாங்கிக் குடுத்து அனுப்ப வேண்டாம். இரண்டு கிழமை போட்டுப் பழகியது வேணும். காலுறை நாளுக்கு இரண்டு சோடி.

வாவிக்கரை அம்மா

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை ஒரு தாளில் போட்டு, இன்னும் ஏழு பெற்றோரின் கையொப்பத்தோடு ஏற்பாட்டாளரிடம் குடுத்தோம். 10 முதல் 12 வரையான பயிற்சியை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அறைக்குள் வைத்துப் பிள்ளைகளின் ஓட்ட வீடியோவைப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார்கள். எழும்புவது 5.15, விளக்கு அணைப்பு 8.30, மத்தியானம் ஒரு மணித்தியாலம் கட்டாயப் படுக்கை. கடல் குளிப்பு இல்லை. பெண் ஆசிரியர்கள் இரண்டு பேர், அவர்களிடம் ஒரு போன், சுவரில் 1929ம் 1990ம். தராசு இல்லை, பெற்றோர் ஒருவர் குடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரவைக் குறைக்க மட்டும் சம்மதிக்கவில்லை, ஆனால் மூன்றாம் இரவுக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிப்போக விரும்புகிறவர்கள் கூட்டிப்போகலாம் என்றார்கள். அப்பா, நான் மூன்றோடு நிறுத்துகிற எண்ணத்தில்தான் இருக்கிறேன். நாளைக்கு அம்மம்மா வீட்டில் இரண்டு இரவு விடுகிறோம்.

கட்டில் இல்லை, மேசைகளைச் சேர்த்துப் போடலாம், நுளம்பு வலையை நாங்கள்தான் கொண்டுவர வேணும் என்கிறார்கள். வகுப்பறை மேசையில் வலையை எப்படிக் கட்டுவது?

கல்முனைத் தாதி

மேசைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், சுவரோடு ஒட்டினால் பூச்சி ஏறும். பக்கத்துப் பக்கத்து மேசைகளின் கால்களை இரண்டு இடத்தில் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடு இரவில் விலகி இடைவெளி விழும். மேலே பாய், பாயின் மேல் மடித்த போர்வை. வலை ஒற்றை ஆளுக்கான சதுர வலை, நாலு மூலையிலும் வளையம் உள்ளது. இரண்டு மூலை யன்னல் கம்பியில், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கச் சுவர்களுக்குக் குறுக்கே இழுத்த கயிற்றில். கயிறு 10 மீற்றர் கொண்டுபோங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் ஒரு சாண் உள்ளே செருக வேணும், தொங்கவிடக் கூடாது. சப்பாத்தை நிலத்தில் விடாமல் பையில் போட்டுக் கதிரையில் தொங்கவிட்டு, காலையில் தட்டிப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். இரவில் இறங்குவதற்கு ஒரு சின்ன ரோச், வலைக்குள்ளேயே தலைமாட்டில்.